ஒரே மனையில் வீடும் கடையும் அலுவலகமும்: கலப்பு மேம்பாட்டு விதிகள் செயல்படும் விதம்

கோலாலம்பூரில் ஒரு துண்டு நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை இரண்டு ஏடுகள் முடிவு செய்கின்றன. முதலாவது, உரிமையாளரிடம் இருக்கும் நில உரிமைப் பத்திரமான கிராண்ட். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தின் பயனை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்றாக வகுக்கிறது; அதற்கு மேலும், குடியிருப்பு மட்டுமே, வணிகக் கட்டடம் மட்டுமே என்பது போன்ற நிபந்தனை கிராண்டிலேயே அச்சாகியிருக்கும். இரண்டாவது, மாநகர் மன்றமான டிபிகேஎல் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டம். 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின்படி அரசிதழில் வெளியாகும் இத்திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு வண்ணம் உண்டு. அந்த வண்ணத்துக்கு என்னென்ன பயன்பாடுகள் ஏற்புடையவை, எவ்வளவு கட்டலாம் என்ற வரையறையும் உண்டு. இப்போது நடப்பில் இருப்பது 2040-ஆம் ஆண்டை நோக்கிய திட்டம். அது 2025-இல் நடைமுறைக்கு வந்தது. பினாங்கில் இதே வேலையை 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் செய்கிறது. எங்கே ஆனாலும், கிராண்டும் திட்டமும் ஒத்துப்போனால்தான் கட்டுமானம் தொடங்க முடியும்.

பயன்பாடுகளைத் தனித்தனியே பிரித்து வைப்பதே இத்தகைய விதிகளின் பழைய நோக்கம். புகையும் கழிவும் கக்கும் ஆலைக்குப் பக்கத்தில் மக்கள் குடியிருக்கக் கூடாது என்ற நியாயமான கவலையிலிருந்து அது பிறந்தது. எந்தப் பகுதியில் எந்தப் பயன்பாடு என்று வகுக்கும் மண்டல விதிகளை நியூயார்க் 1916-இல் முழு நகரத்துக்கும் இயற்றியது. ஒஹாயோ மாநிலத்தின் யூக்லிட் என்ற சிற்றூர் இயற்றிய விதிகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசு நகரத் திட்டமிடுநராக சார்ல்ஸ் ரீட் 1921-இல் நியமிக்கப்பட்டார். முறையான நகரத் திட்டமிடல் இந்நாட்டில் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆலையையும் வீட்டையும் பிரித்ததில் தவறில்லை. ஆனால் அதே கண்டிப்புடன் கடையையும் வீட்டையும் அலுவலகத்தையும் பிரித்ததால், மாலை ஆறு மணிக்கு மேல் ஆளரவமற்றுப் போகும் வணிக வட்டாரங்களும், ஒரு பாக்கெட் பால் வாங்கக்கூடக் காரை எடுக்க வேண்டிய தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளும் உருவாயின.

இதற்கு நேர்மாறான ஒரு கட்டட வகை நம் கண்முன்னேயே இருந்து வந்திருக்கிறது. பினாங்கின் லெபோ பசாரிலும் லெபோ குயினிலும் நிற்கும் கடைவீடுகளில் கீழே மளிகையும் நகைக்கடையும், மேலே குடித்தனம். சிங்கப்பூருக்காக 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் கடைகளின் முன்னால் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்றது; ஐந்தடி நடைபாதை என்று நாம் இன்று அறிவது அதன் வழிவந்ததே. இங்கே விதி கட்டுப்படுத்தியது கட்டடத்தின் முகப்பையும் நடைபாதையையும். உள்ளே துணி விற்பதா, சோறு விற்பதா என்பதை அது உரிமையாளரிடமே விட்டுவிட்டது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமான ஜார்ஜ் டவுனின் மரபுரிமைப் பகுதியில் புதிய கட்டடங்களின் உயரம் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதும் வடிவத்தைக் காக்கும் விதிதான். நெகிழ்வான மண்டல விதி என்பது விதியே இல்லாத நிலையன்று. கட்டுப்பாடு ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவே.

திட்டமிட்ட கலப்பு மேம்பாட்டில் அந்த நகர்வை ஒரு கணக்கின் மூலம் காணலாம். நிலப்பரப்புக்கும், எல்லா மாடிகளின் மொத்தத் தளப்பரப்புக்கும் உள்ள விகிதத்தை மனை விகிதம் என்பர். தலா 4,000 சதுர மீட்டர் கொண்ட மூன்று மனைகள் அடுத்தடுத்து இருப்பதாகவும், மனை விகிதம் 4 என்றும் கொள்வோம். தனித்தனியே கட்டினால் ஒவ்வொன்றிலும் 16,000 சதுர மீட்டர். மூன்றிலும் சேர்த்து 48,000. மூன்றையும் ஒரே வளாகமாகக் கருத விதி இடம் கொடுத்தால், ஒரு மனையைத் திறந்தவெளியாக விட்டுவிட்டு, மற்ற இரண்டில் தலா 24,000 சதுர மீட்டர் கட்டலாம். மொத்தம் மாறவில்லை, ஆனால் முன்பு இல்லாத ஒரு சதுக்கம் கிடைத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்தச் சதுக்கத்தைத் தனிக் கிராண்டாகப் பிரித்து, அதற்கும் மனை விகிதம் 4 வேண்டும் என்று யாரேனும் விண்ணப்பித்தால், ஒரே நிலத்துக்கான உரிமை இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். ஆகவே வளாகம் முழுவதற்குமான மொத்தத் தளப்பரப்பையும், திறந்தவெளியின் எல்லையையும், கட்ட அனுமதி தரும் மேம்பாட்டு உத்தரவு அசைக்க முடியாதபடி எழுதிவைத்தாக வேண்டும். நெகிழ்வு கடைக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான பங்கீட்டில் இருக்கலாம். இந்த இரண்டிலும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

கலப்பினால் உண்மையாகவே மிச்சமாகும் பொருள் ஒன்று உண்டென்றால், அது வாகன நிறுத்துமிடம். ஒரு வளாகத்தில் அலுவலகங்களுக்கு 500, வீடுகளுக்கு 400, பேரங்காடிக்கு 300 எனத் தனித்தனியே கேட்டால் 1,200 இடங்கள் வேண்டும். ஆனால் வேலைநாள் நண்பகலில் அலுவலகத்துக்கு முழு 500 இடங்கள் தேவைப்படும்போது, வீடுகளில் 160 கார்களே நிற்கின்றன, அங்காடிக்கு 150 போதும் என்று வைத்துக்கொண்டால், கூட்டினால் 810. இரவில் வீட்டுக்கார்கள் 400, அங்காடிக்கு 240, அலுவலகத்தில் 50 எனில் 690. உச்சத் தேவை 810 என்பதால் 390 இடங்கள் மிச்சம். ஓட்டுவழியையும் சேர்த்து ஒரு காருக்கு ஏறக்குறைய 30 சதுர மீட்டர் என்றால், 11,700 சதுர மீட்டர் கான்கிரீட் தேவையற்றுப் போகிறது. இந்த எண்கள் விளக்கத்துக்கானவை. தத்துவம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆனால் நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வீட்டுடனும் ஓரிரு நிறுத்துமிடங்களை உரிமையுடன் சேர்த்தே விற்றுவிட்டால், பகலில் காலியாகக் கிடக்கும் இடத்தை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. கட்டடம் கலந்திருக்கும், நிறுத்துமிடம் கலந்திருக்காது.

அடுத்தது கட்டங்களின் வரிசை. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பழைய திடல் இருந்த 72 ஏக்கரில் எழுந்த கேஎல் சென்ட்ரல், நிலையம், ஹோட்டல்கள், அலுவலகக் கோபுரங்கள், அடுக்குமாடி வீடுகள், பேரங்காடி எல்லாம் கொண்ட திட்டமிட்ட வளாகத்துக்கு நல்ல உதாரணம். நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது; மோனோரயில் 2003-இல் வந்தது, ஆனால் அதன் நிறுத்தம் ஜாலான் துன் சம்பந்தனில், வளாகத்துக்கு வெளியே நின்றது. பெட்டி படுக்கையுடன் ரயிலிலிருந்து இறங்கியவர் மோனோரயிலைப் பிடிக்க வெயிலிலும் மழையிலும் வெளியே நடந்தாக வேண்டியிருந்தது. இரண்டையும் கூரையின் கீழ் இணைத்த நூ சென்ட்ரல் அங்காடி 2014-இல்தான் திறந்தது. லாபம் தரும் பகுதிகளும் பொதுமக்களுக்கான இணைப்புகளும் ஒரே வரைபடத்தில் இருந்தாலும், எது முதலில் எழும் என்பதை வரைபடம் சொல்வதில்லை. அதை நிபந்தனை சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நடைபாதை முடியும் வரை அடுத்த கோபுரத்தில் குடியேற முடியாது என்பது போன்ற நிபந்தனைகள் உலகெங்கும் இதற்காகவே எழுதப்படுகின்றன. மலேசியாவில் 2007 முதல் குடியேறுவதற்கான சான்றிதழை ஊராட்சி மன்றத்துக்குப் பதிலாகத் திட்டத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குவதால், நிபந்தனை எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டுள்ளது என்பது மேலும் முக்கியமாகிறது.

நெகிழ்வு கூடக்கூட, அதிகாரியின் விருப்புரிமையும் கூடுகிறது. நிலத்தின் பயன்பாடோ அடர்த்தியோ உயர்ந்து அதன் மதிப்பு ஏறும்போது மாநகர் மன்றம் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்கலாம். பேரம் பேசப் பொருள் இருக்கிறது என்பதே இதன் பொருள். அந்த விருப்புரிமையின் எல்லை எது என்பது தாமான் ரிம்பா கியாரா வழக்கில் தெளிவானது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு சர்வீஸ் அபார்ட்மென்ட் கோபுரங்களும், 29 மாடிக் கட்டடத்தில் 350 மலிவு வீடுகளும் கட்ட 2017-இல் மேம்பாட்டு உத்தரவு வழங்கப்பட்டது. முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே நீள வீடுகளில் பல பத்தாண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தன. மலிவு வீடுகளில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால், பூங்காவைக் காக்க வழக்குத் தொடுத்தவர்களைத் தமிழர்களில் பலரால் முழுமனதாக ஆதரிக்க முடியவில்லை. அது இயல்பான தயக்கம். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று உறுதி செய்தது: உள்ளூர்த் திட்டத்துக்கு மேலாக நகரின் கொள்கைகளை வகுத்து அரசிதழில் வெளியான அமைப்புத் திட்டம், மாநகர் மன்றத் தலைவரான டத்தோ பண்டாரையும் கட்டுப்படுத்தும், அதிலிருந்து விலகுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். மலிவு வீடு கட்டுவது நல்ல காரணமாகவே இருக்கலாம், ஆனால் அதைத் திட்டத்தைத் திருத்தும் முறைப்படி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டுச் செய்வதற்கு வழி இருந்தது.

கட்டி முடித்து மக்கள் குடியேறிய பின்னும் விதிகள் ஓய்வதில்லை. சர்வீஸ் அபார்ட்மென்ட் பெரும்பாலும் வணிக நிலத்தில் எழுவதால், குடும்பத்தோடு வாழும் வீடாக இருந்தாலும் நிலவரி போன்றவை வணிக விகிதத்தில் வருவதைக் கண்டு வாங்கியவர்கள் திகைப்பதுண்டு. முன்பணம் கட்டுமுன் கிராண்டின் நிபந்தனையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அங்காடியும் வீடும், உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரே நிர்வாகக் கழகத்தின் கீழ் இருந்தால், அங்காடியின் குளிர்சாதனமும் மின்படிக்கட்டும் யார் செலவு என்ற சண்டை ஆண்டுக் கூட்டத்தில் தவறாமல் எழும். கை உயர்த்தி வாக்களிக்கும்போது ஒருவருக்கு ஒரு வாக்கு; எண்ணி வாக்கெடுக்கும்போது ஒவ்வொரு சொத்துக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளின்படி கணக்கு, ஆகவே பேரங்காடியின் ஒரே உரிமையாளர் நூறு வீட்டுக்காரர்களுக்கு ஈடாக நிற்கலாம். இதற்காகத்தான் அடுக்குமாடிச் சட்டத்தில், ஒரு பிரிவினர் மட்டும் பயன்படுத்தும் பொதுச் சொத்தை வரையறுத்து, அதற்குத் தனியாக ஒரு துணை நிர்வாகக் கழகம் அமைத்து, அதற்கான செலவை அவர்களிடமே வசூலிக்க இடம் தரப்பட்டிருக்கிறது.