சரணாகதி: சரணடைவதா, அடைக்கலம் புகுவதா?

விடியற்காலையில் மனைவியின் கைபேசியிலிருந்து ஒரு தியானக் குரல் கேட்கும். மூச்சை இழுக்கச் சொல்லும், தோளைத் தளர்த்தச் சொல்லும், அப்புறம் குழைந்துபோய், "இப்போது உங்களை முழுமையாகச் சரணடையுங்கள்" என்னும். இருபது நாள் பொறுத்தேன். 'இராமனைச் சரணடைந்தான்' என்றால் இராமனிடம் போனான் என்று பொருள். 'உங்களைச் சரணடையுங்கள்' என்றால்? உங்கள் காலிலேயே நீங்கள் விழ வேண்டும். கடவுளுக்கு அங்கே வேலையே இல்லை.

சொல்லின் வரலாறு சிறியதுதான். வடமொழியில் சரண என்றால் புகலிடம், காப்பு. வீடு என்றும் பொருள் உண்டு. ஆகதி என்றால் வந்து சேர்தல். புகலிடம் தேடி வந்து சேர்வது சரணாகதி. 'சரணமே கதி' என்று பிரிப்பதும், கடைசியில் நிற்பது 'அகதி' என்பதும் மேடைப் பேச்சு. காலைக் குறிக்கும் சரணம் வேறு சொல். வடமொழியில் எழுத்தே வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ச' என்பதால் கலந்துவிட்டன. காலடியில்தானே புகல் கேட்கிறோம் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

சரண் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. நம்மாழ்வாரே 'சரணமாகும் தனதாள் அடைந்தார்க்கெல்லாம்' என்று பாடியிருக்கிறார். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். தலைமறைவாக இருந்தவர் நீதிமன்றத்தில் சரண். தோற்ற படை ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரண். அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பைக் காசாக்கினால் அது 'சரண் விடுப்பு'. இத்தனைக்கும் பிறகு 'இறைவனிடம் சரணடைந்தால் அமைதி' என்றால், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள்தான் கண்முன் வருகிறான். அவனுக்கு ஏது அமைதி?

இது உறுத்தியவர்கள் கண்டுபிடித்த மாற்று 'தன்னொப்படைப்பு'. ஒரு பயிற்சி வகுப்பின் கையேட்டில் பக்கத்துக்கு மூன்று முறை பார்த்தேன். தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்படைப்பது என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பது. கொடுத்தவர் பொறுப்பாகக் கொடுத்தார், வேலை முடிந்தது. பக்தன் கடவுளைச் சேர்வதைச் சொல்ல, வைணவத்தில் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று ஒரு பழைய வழக்கு உண்டு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். வைணவத்தின் இரு பிரிவில் வடகலையார் முன்னதைச் சொல்வார்கள், தென்கலையார் பின்னதை. இரண்டில் எந்தக் குட்டி தன்னை 'ஒப்படைத்தது'? வைணவத்திலேயே பரசமர்ப்பணம் இருக்கிறதே, சுமையை ஒப்படைப்பதுதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். சரிதான். ஆனால் அங்கே கையை விட்டுப் போவது சுமை. கையேட்டுக்காரர் ஆளையே பார்சல் கட்டுகிறார்.

இவ்வளவு சிரமம் எதற்கு? அடைக்கலம் என்ற சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை. கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்ற இடைச்சியிடம் அடைக்கலமாகத் தருகிறார். கோவலன் கொலையுண்டதும் அடைக்கலத்தை இழந்தேனே என்று மாதரி தீயில் விழுகிறாள். வந்தவருக்குக் கவலை போய்விடுகிறது. அந்தக் கவலை முழுவதும் ஏற்றவர் தலையில். நீதிமன்றச் சரணில் நடப்பது இதற்கு நேர் எதிர். பிரார்த்தனையில் கிடைக்கும் அமைதிக்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 'தாள்சேர்ந்தார்க் கல்லால் மனக்கவலை மாற்றல் அரிது' என்று குறள் சொல்வதும் இந்தக் கைமாற்றத்தைத்தான்.

திருவாசகத்தில் அடைக்கலப் பத்து இருக்கிறது. திருவெம்பாவையில் 'உங்கையிற் பிள்ளை உனக்கே அடைக்கலம்' என்றுவிட்டு, அதைப் 'பழஞ்சொல்' என்கிறார் மாணிக்கவாசகர். அவர் காலத்திலேயே பழசு! கம்பனில் வீடணன் வந்து சேரும் பகுதிக்கு அடைக்கலப் படலம் என்று பெயர். ஏலாக்குறிச்சி தேவாலயத்தில் இருப்பது அடைக்கல மாதா. தமிழ் விவிலியத்தில் 'தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்' என்று சங்கீதம் பாடுகிறது. சைவர், வைணவர், கிறித்தவர் எல்லோரும் கை வைத்த சொல் இது. உத்தரத்தில் கூடு கட்டுகிற குருவிக்குக்கூட அடைக்கலாங்குருவி என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

இடத்தைச் சொல்ல வேண்டுமானால் புகல் இருக்கிறது. 'புகலொன்றில்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே' என்று நம்மாழ்வார் முடிக்கிறார். புகுந்தேன் என்கிறார் பாருங்கள். வாசலில் நின்று கையைத் தூக்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட தியான உரைகளைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடம் இதையெல்லாம் சொன்னால், அடைக்கலம் இப்போது அரசியல் செய்திச் சொல் ஆகிவிட்டது என்கிறார்கள். வெளிநாட்டில் தஞ்சம் கேட்பவரைப் பற்றி எழுதும்போது வருகிறதாம். வரட்டுமே! உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர் கேட்பதும் அதே பாதுகாப்புதான். போலீஸ் வண்டியில் ஏற்றிய சொல்லைக் கோயிலுக்குள் கொண்டுவரலாம், அகதி கேட்கிற சொல்லைக் கொண்டுவரக் கூடாதோ?

இருபத்தோராம் நாள் அந்தக் குரல் வந்ததும், "உனக்கே அடைக்கலம்னு சொல்லச் சொல்லு" என்றேன். மனைவி கண்ணைத் திறக்காமலே, "நான் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.