ரம்மியை நிறுத்த மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

இந்த மாதமும் ஒரு குடும்பம் வந்தது, அதே கோரிக்கையோடு: "டாக்டர், ரம்மியை நிறுத்த ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க." இந்த முறை அவர்களே வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார்கள். அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டிய அட்டையில் பாதி காலி. பராக்ஸிடின், மனச்சோர்வுக்கான மாத்திரை. சித்தப்பாவின் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, பையனுக்குத் தெரியாமல் பொடித்துக் காபியில் கலந்து கொடுத்திருக்கிறார். அவன் ஆட்டத்தை விடவில்லை, தூக்கம்தான் போனது.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

"சூதாட்டத்துக்கு இது கேக்கும்னு நெட்ல போட்டிருக்கே" என்றார்கள். பாதிக் கதை அது. 2002-ல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் எட்டே வாரத்தில் பராக்ஸிடின் குழு நன்றாகத் தேறியது உண்மைதான், ஆனால் சின்னச் சோதனை. மறுவருடமே 76 பேரை வைத்துப் பல மையங்களில் 16 வாரம் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 49 சதவீதம் தேறினார்கள். இவ்வளவு குறைவான பேரில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். 2005-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் 60 பேர், ஆறு மாதம், அதே வகை மருந்தான செர்ட்ராலின்: மருந்து எடுத்தவர்களில் 74 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 72 சதவீதம் தேறினார்கள்.

அந்த 72-ஐ இன்னொரு முறை பாருங்கள். வெறும் மாவு மாத்திரை! பெரிய தொகை போய், வீட்டில் மாட்டிக்கொண்ட பிறகுதான் யாரும் சிகிச்சைக்கே வருகிறார்கள், அந்த நேரத்தில் ஆட்டம் எப்படியும் கொஞ்சம் குறையும், கூடவே ஒருவர் விடாமல் கூப்பிட்டு "இந்த வாரம் எவ்வளவு ஆடினே" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் குறையும். அதனால் "எங்க பக்கத்து வீட்டுப் பையன் மாத்திரையிலதான் திருந்தினான்" என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் இதே மாத்திரையை நானே எழுதுகிறேன், அது வேறு கணக்கு. இருதுருவ மனநோயில் (பைபோலார்), மனம் அளவுமீறி உற்சாகமாகும் கட்டத்தில் பணத்தை வாரி இறைத்து ஆடுகிறவருக்கு இதை மட்டும் கொடுத்தால் நோய் இன்னும் கிளம்பும். பார்க்கின்சனுக்குத் தரும் பிராமிபெக்ஸோல், மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் போன்றவையே சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பும், ஆகவே ஏற்கெனவே சாப்பிடும் மருந்தெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும். குடிப்பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரைக்குச் சூதாட்டத்தில் கொஞ்சம் மேலான ஆதாரம் உண்டு; அதையும் கல்லீரல் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாது.

பேச்சு சிகிச்சைக்கு வாரம் தவறாமல் வாருங்கள். சம்பளக் கணக்கும் யுபிஐயும் கொஞ்ச நாள் இன்னொருவர் கையில் இருக்கட்டும். நகையை அடகு வைத்துக் கடனை மொத்தமாக அடைக்காதீர்கள், கை சுத்தமானதும் மறுபடி ஆட உட்கார்ந்துவிடுவார்கள். வாரக்கணக்கில் பராக்ஸிடின் கொடுத்திருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், எங்களிடம் வந்து படிப்படியாகக் குறையுங்கள்.

அப்புறம், கடனில் இருக்கிறவரிடம் "சாகணும்னு தோணுதா" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே அழைத்து வாருங்கள், இரவாக இருந்தால் தனியாக விடாமல் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள்.