கோணேசர் மலைக்கு விடியவே ஏறுங்கள்

ஆடி, ஆவணியில் திருகோணமலைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் கச்சான் காற்றுத்தான் காரணம். (கோயிலடியில் கொறிக்கிற கச்சான், நிலக்கடலை, வேறு.) கடலை அடக்கும் அதே காற்று ஆளை உலர்த்திவிடும். வியர்வை உடனுக்குடன் காய்வதால் உடம்பு இழந்த நீர் தெரியாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் ஏற்கெனவே பிந்திவிட்டது. காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளை விடவேண்டாம், காற்று ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

சலரோகக்காரருக்கு (நீரிழிவு உள்ளவருக்கு) இதைவிடப் பெரிய ஆபத்து கோணேசர் கோயில் வாசலில் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழியில் பிரெடெரிக் கோட்டைக்குள் மான்களோடு படம் எடுப்பதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும். மேலே ஏறிச் செருப்பைக் கழற்றும்போது பத்தரை, தரை கொதிக்கும். மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். சலரோகத்தால் விறைத்த காலுக்குச் சூடு தெரியாது, சலரோகக்காரர் ஆறுதலாக நடப்பார். இரவு படுக்கை விரிப்பில் ஈரம் கண்ட பிறகுதான் உள்ளங்காலில் கொப்புளம் இருப்பது தெரியவரும். ஆகவே எட்டு மணிக்கு முன் கும்பிட்டு இறங்குங்கள். சுட்டது உடனே தெரிந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைப் பிடியுங்கள். ஐஸ், பற்பசை பூசவேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உப்புவெளிக் கடற்கரையில் நடப்பதென்றால் ஈரமணல் இறுகிக் கிடக்கும் ஓரமே நல்லது. கரை சரிவானது, ஒரு பக்கமாகவே நடந்தால் ஒரு முழங்கால்தான் சுமக்கும். 20 நிமிடம் போய், வந்த வழியே திரும்புங்கள். வார் வைத்த செருப்பு போடுங்கள். போடமுன் உள்ளே கையை விட்டுத் துழாவினால் சிப்பித் துண்டு இருந்தால் அகப்படும். இன்சுலின் போடுபவர்கள் சீனி இறங்கினால் எடுக்கச் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்கவேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடக்கூடாது.

சாப்பாட்டில் கவனம் வேண்டியது சூரை, அறுக்குளா. ஐஸ் இல்லாமல் கிடந்த இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற குணங்களைக் காட்டும் பொருள் ஊறும். எவ்வளவு கொதித்த குழம்பிலும் அது அழியாது. வாயில் மிளகு கடித்த உறைப்பு, சற்று நேரத்தில் முகம் சிவத்தல், தலையிடி, நெஞ்சுப் படபடப்பு. பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து அன்றோடு மீனையே விட்டுவிடுகிறார்கள், பாவம். உறைத்தால் அந்தக் கோப்பையை அப்படியே வையுங்கள். மூச்சு இழுத்தாலோ தலை சுற்றி விழப் பார்த்தாலோ வீட்டில் மாத்திரை தேடிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.