சோலார் வைக்க மரத்தை வெட்டாதீர்கள்

போன வாரம் மதுரையில் ஒரு வீட்டுக்கு, மாடியில் சோலார் பேனல் வைக்க அளவெடுக்கப் போனேன். கேட்டைத் திறந்ததுமே மரத்தூள் வாசனை. வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரத்தின் அடிக்கட்டை, முட்டளவு உயரத்துக்கு. வெட்டின இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"மாடியில நிழல் விழக்கூடாதுன்னு போன்ல சொன்னீங்கள்ல தம்பி, அதான் நேத்தே ஆள் விட்டு எடுத்துட்டேன்" என்றார் பெரியவர். நமக்கு ஒத்தாசை செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில். எனக்குப் பேச்சே வரவில்லை. இந்த வருடம் மட்டும் இது நான்காவது மரம்.

வடக்கே நின்ற மரம் அது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஆவணி பத்தாம் தேதி வரைதான் மதுரையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. அப்போதும் கிட்டத்தட்ட தலைக்கு மேல்தான். மொட்டைமாடிக்கு மேல் 15 அடி எழும்பிய மரமானாலும், ஆனி மாத உச்சிவேளையில் நிழல் 4 அடிகூட உள்ளே வராது. காலை, மாலையில் கொஞ்சம் கூடும். பேனலைத் தெற்கே தள்ளி வைத்தால் தீர்ந்தது. தெற்கே நிற்கும் மரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மார்கழியில் அதே 15 அடி, உச்சிவேளையிலேயே 10 அடி நிழல் போடும். அதற்கும் கிளை கழிப்பது, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை உயர்த்துவது என்று வழி இருக்கிறது.

நிழல் பெரிய விஷயமில்லை என்று சொல்லவில்லை. ஒரு மூலையில் விழும் நிழல்கூட ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடும். அதனால்தான் அளவெடுக்கவே வருகிறோம்.

இதைவிட என்னை வாட்டுவது இன்னொரு கணக்கு. "3 கிலோவாட் போட்டா நூத்தம்பது மரம் நட்ட மாதிரியாமே, ஒரு மரம் போனா என்ன?" என்று கேட்கிறார்கள். எங்கள் தொழில்காரர்களே விளம்பரத்தில் அச்சடித்துக் கொடுக்கும் கணக்கு இது. கரியமில வாயுவை மட்டும் எடை போட்டால் கணக்கு ஏறக்குறைய சரி. ஆனால் மரம் செய்வது அந்த ஒரு வேலைதானா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) வெப்பம் வேண்டும். மண்ணில் ஈரமிருந்தால் ஒரு பெரிய மரம் ஒரே நாளில் 100 லிட்டரை இலை வழியாக வெளியே விடும். 68 யூனிட் வெப்பத்தை உங்கள் முற்றத்திலிருந்து அது தூக்கிக்கொண்டு போகிறது. நீங்கள் வைக்கிற 3 கிலோவாட் சோலார் நாளெல்லாம் உழைத்துத் தருவது சுமார் 12 யூனிட். பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்ட் ஆக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் மாறும். மரத்தை எடுத்துவிட்டு, அந்த 12 யூனிட்டை ஏசிக்குக் கொடுப்பீர்கள். அப்புறம் என்ன லாபம்?

இது ஒரு வீட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. அமேசான் காட்டில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு, அங்குள்ள மரங்களே மூச்சாக விட்ட ஈரம். வெயிலை வாங்கிக் குளிர்ச்சியாகவும் மழையாகவும் திருப்பித் தருவது இலை. அந்த வேலைக்கு எங்களிடம் கருவி கிடையாது.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கூடும் என்பதும் தப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சித்திரை வெயிலில் அது 65 டிகிரி வரை காயும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் கரண்ட் குறைந்து போகும். 3 கிலோவாட்டில் 400 வாட் அப்படியே போச்சு. தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காதீர்கள், அடியில் காற்று ஓடட்டும். உச்சிவெயிலில் குளிர்ந்த நீர் ஊற்றிக் கழுவாதீர்கள், விடியற்காலையில் கழுவுங்கள். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை மேற்குச் சுவர் வெயிலில் மாட்டாதீர்கள்.

78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் வருகிறது என்ற அவசரத்தில் அரிவாளை எடுக்காதீர்கள். நிழல் பார்க்காமல் போனிலேயே விலை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மரம் எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்லுங்கள். நாங்கள் வந்து பார்க்கும் வரை தயவுசெய்து ஒரு கிளையைக்கூடத் தொடாதீர்கள்.

அந்தப் பெரியவர் அடுத்து வேரைத் தோண்டி எடுக்க ஆள் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வேம்பு அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும்.