தண்ணீரில் உள்ள ஃபுளோரைடும் மாத்திரையில் உள்ள ஃபுளோரினும்

தர்மபுரிப் பக்கம் மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு ஃபுளோரைடு புதிய சொல் இல்லை. போர் தண்ணீர் குடித்தே பல்லில் பழுப்புக் கறை ஏறியவர்களைத் தினமும் பார்க்கிறோம். அப்படி ஒரு பெரியவர், பாதி தீர்ந்த சிட்டாகிளிப்டின் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, இந்த சுகர் மாத்திரையில ஃபுளோரின் இருக்காமே? பேரன் செல்போன்ல பார்த்துச் சொன்னான். பத்து நாளா நிறுத்திட்டேன்."

அவர் பயந்ததில் தவறே இல்லை. சிட்டாகிளிப்டின் மூலக்கூறில் ஆறு ஃபுளோரின் அணுக்கள் உண்டு. கணக்குப் போட்டால் 100 மி.கி. மருந்தில் சுமார் 28 மி.கி. ஃபுளோரின். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவருக்கு இது திகிலாகத்தான் இருக்கும்.

ஆனால் தண்ணீரில் இருப்பது தனியாகத் திரியும் ஃபுளோரைடு அயனி. கால்சியத்தோடு சேர்ந்து பல்லிலும் எலும்பிலும் தங்கிவிடும். மாத்திரையில் இருப்பதோ கார்பனோடு பிணைந்தது. கார்பனின் ஒற்றைப் பிணைப்புகளில் இதைவிட வலுவானது இல்லை. மருந்தில் 79 சதவீதம் அளவுக்கு உருமாறாமலே சிறுநீரில் போய்விடுகிறது.

சரி, ஃபுளோரினை எதற்குச் சேர்க்கிறார்கள்? சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) இன்சுலினைத் தூண்டும். டிபிபி-4 என்ற நொதி ஓரிரு நிமிடங்களிலேயே அதன் தலைப்பக்கத்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும். சிட்டாகிளிப்டினின் ஒரு பாதியே ஓர் அமினோ அமிலம்தான்: ஃபீனைலாலனினை ஒரு கார்பன் நீட்டி, வளையத்தில் மூன்று ஃபுளோரின் ஏற்றியது. அந்த வளையம் நொதியின் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கத்தரிக்கோலின் வாயில் கட்டை வைத்த மாதிரி. ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தோடு, இரண்டு ஃபுளோரின் ஏந்திய ஒரு கார்பனைச் சேர்த்த எஃப்ளோர்னிதினும் இப்படி நொதியை ஏமாற்றித்தான் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மருந்தானது.

எல்லா ஃபுளோரின் மருந்தும் ஒன்றுபோல என்று சொல்ல மாட்டேன். பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோலை மாதக்கணக்கில் எடுத்தவர்களில் சிலருக்கு ரத்தத்தில் ஃபுளோரைடு கூடி எலும்பு வலி வந்ததுண்டு.

சிட்டாகிளிப்டினில் என் கவலை சிறுநீரகம்தான். மருந்து வெளியேறும் வழியே அது என்பதால், அதன் வேலை குறையக் குறைய அளவை 50, 25 மி.கி. என்று இறக்க வேண்டும். பெரியவரிடம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருடம் இருக்கும் என்றார். அட்டையைக் கையில் கொடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொன்னேன். பத்து நாள் நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.