பேஸ்மேக்கர் தாளில் இருக்கும் மூன்று எண்கள்

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் பரிசோதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். 0.75 வோல்ட், 0.4 மில்லிசெகண்ட், 540 ஓம், 11 மில்லிவோல்ட் என்று ஏதேதோ அச்சாகியிருக்கும். "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பேட்டரி இன்னும் எத்தனை வருஷம் வரும் என்பதுதான் நம் கேள்வி. அதற்கான பதிலிலும் பாதி இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. இவை மார்பில் தோலுக்கடியில் வைத்த பேஸ்மேக்கர் பெட்டியைப் பற்றியவை அல்ல. பெட்டியிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் லீட் என்ற மெல்லிய கம்பியைப் பற்றியவை.

வோல்ட் கணக்கில் இருப்பது த்ரெஷோல்ட். இதயத் தசையைத் துடிக்கவைக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற அளவு. அதைக் கண்டுபிடிக்கும் விதம் சுவாரஸ்யமானது. தொழில்நுட்பர் கருவியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, எல்லாத் துடிப்பும் கருவி தருவதாகவே இருக்கும்படி செய்துகொள்வார். திரையில் கருவியின் மின்துடிப்பைக் காட்டும் ஒவ்வொரு செங்குத்துக் கோட்டுக்குப் பின்னாலும், இதயம் துடித்ததைக் காட்டும் ஓர் அகலமான அலை எழும். அப்புறம் வோல்டேஜைப் படிப்படியாக இறக்குவார். 1.5, 1.25, 1.0, 0.75... அலை வந்துகொண்டே இருக்கும். 0.5 வந்ததும் கோடு மட்டும் நிற்கும், அலை இருக்காது. உடனே பழைய அளவுக்கு ஏற்றிவிடுவார். சிலருக்கு அந்த ஒரு நொடி லேசாகத் தலை கிறுகிறுக்கும். கடைசியாக அலை எழுந்த 0.75தான் த்ரெஷோல்ட்.

கூடவே வரும் 0.4 மில்லிசெகண்ட், அந்த மின்துடிப்பு நீடிக்கும் நேரம். நேரம் குறைந்தால் வோல்ட் கூடுதலாக வேண்டும். அதனால் நேரத்தைச் சொல்லாமல் வோல்ட்டை மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்தான்.

லீட் வைத்த முதல் சில வாரங்களில் த்ரெஷோல்ட் ஏறுவது வழக்கம். முனை குத்திய இடத்தில் தசை வீங்கி, பிறகு ஆறுகிறது. அந்த வீக்கத்தை அடக்கத்தான் இன்றைய லீட்களின் முனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் முதல் மூன்று மாதம் போலக் கருவியை 3.5 வோல்ட் அளவில் தாராளமாக ஓடவிட்டு, பிறகு குறைப்பார்கள். த்ரெஷோல்ட்டைப் போல இருமடங்கு வைப்பது பழைய கணக்கு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலோ சில மருந்துகள் எடுத்தாலோ த்ரெஷோல்ட் உயரலாம் என்பதால் அந்த இடைவெளி. ஆனால் தாராளத்துக்கு விலை உண்டு. செலவாகும் ஆற்றல் வோல்டேஜின் இருமடிக்கேற்ப கூடும். 5 வோல்ட்டை 2.5 ஆக்கினால் ஒரு துடிப்புக்கான ஆற்றல் கால்பங்காகிவிடும். நிமிடத்துக்கு 60 என்றாலே ஒரு நாளில் 86,400 துடிப்பு. பேட்டரியின் ஆயுள் இங்கேதான் கூடுகிறது, குறைகிறது.

மில்லிவோல்ட் கணக்கு, இதயம் தானாக எழுப்பும் சிக்னல் லீட்டுக்கு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பது. மேலறையில் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல், கீழறையில் 5க்கு மேல் கிடைத்தால் பொதுவாகத் திருப்தி. இது பெரிதாக இருக்க இருக்க நல்லது.

ஓம் கணக்கு அப்படியல்ல. இம்பிடன்ஸ் எனப்படும் இந்த மின்தடை, பெரும்பாலான லீட்களில் ஏறத்தாழ 300 முதல் 1000 ஓம் வரை இருக்கும். சில ரகங்களில் இன்னும் அதிகம். 200க்குக் கீழே விழுந்தால் மேலுறை கிழிந்து மின்சாரம் கசிகிறதோ என்ற சந்தேகம் வரும். 2000ஐத் தாண்டினால் உள்கம்பி முறிந்திருக்கலாம், அல்லது பெட்டியோடு இணைக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். என்னைக் கேட்டால், எல்லைக்குள் இருக்கிறதா என்பதைவிடப் போன தடவை என்ன இருந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஐந்து வருஷமாக 420ல் நின்ற லீட் இப்போது 950 காட்டினால், தாளில் அது நார்மல்தான். ஆனால் மருத்துவர் அதைச் சும்மா விடமாட்டார்.

முறிந்த கம்பியின் இரண்டு முனைகளும் உரசினால் கிளம்பும் இரைச்சலைப் பெட்டி இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். இதயம்தான் துடிக்கிறதே என்று தான் பேசாமல் இருந்துவிடும். கருவியையே முழுக்க நம்பியிருப்பவர் மயங்கி விழுவது இப்படித்தான். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கும் லீட்களில் இந்த முறிவு அதிகம். அசையாமல் படுத்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டே இருப்பதால் எண்கள் ஒழுங்காகவே வரும். அதனால்தான் சந்தேகம் வந்தால் தொழில்நுட்பர் கையைத் தூக்கச் சொல்வார், பின்னால் கொண்டுபோகச் சொல்வார், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தச் சொல்வார். அவர் கண் மட்டும் திரையை விட்டு நகராது.