பக்தர்கள் கூடினால் சாமிக்கு என்ன ஆகும்?

மாயாஜாலக் கணினி விளையாட்டுகளில் அடிக்கடி வரும் காட்சி இது: பக்தர்கள் வட்டமாக நின்று மந்திரம் சொல்ல, வானம் பிளந்து தெய்வம் இறங்கி வரும். திரைக்குப் பின்னால் ஓடுவது கணக்குதான். அந்தக் கணக்கு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வருகிற தெய்வத்துக்கு எவ்வளவு பலம்? அது எப்படிப்பட்ட தெய்வம்? முதல் கேள்விக்கு விளையாட்டுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நன்றாகவே பதில் சொல்லி வருகின்றன. இரண்டாவதைத் துணிந்து தொட்டவை கொஞ்சம்தான்.

பலத்தில் தொடங்குவோம். 1989-இல் வந்த 'பாப்புலஸ்' விளையாட்டில் ஆடுபவர்தான் தெய்வம். கீழே எத்தனை மக்கள் இருக்கிறார்களோ அந்த அளவுக்கு மாயசக்தி சேரும். அதைச் செலவழித்து மேடுபள்ளத்தைச் சமன் செய்தால் மக்கள் பெரிய வீடு கட்டுவார்கள், ஜனத்தொகை பெருகும், சக்தி இன்னும் கூடும். அப்படியே வட்டிக்கு வட்டி.

இதிலுள்ள சிக்கலை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு பக்தர் சுற்றுக்கு 1 புள்ளி தருகிறார். 10 புள்ளிக்கு ஓர் அற்புதம். ஓர் அற்புதத்தைப் பார்த்து 2 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அதாவது சுற்றுக்கு 20 சதவீத வளர்ச்சி. உங்களிடம் 100 பேர், எதிராளியிடம் 80 பேர் என்று வைத்துக்கொள்வோம். 10 சுற்று முடியும்போது உங்களிடம் சுமார் 619 பேர், அவரிடம் 495. வெறும் 20 பேராக இருந்த இடைவெளி 124 ஆகிவிட்டது. முந்தியவர் முந்திக்கொண்டே போனால் ஆட்டத்தில் என்ன சுவாரசியம்?

எனவே பிரேக் வேண்டும். 2001-இல் வந்த 'பிளாக் அண்ட் ஒயிட்' போட்ட பிரேக் எனக்கு மிகவும் பிடித்தது: சலிப்பு. ஒரே அற்புதத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் கிராமத்து ஜனங்கள் அசர மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும். அப்புறம், அற்புதத்துக்கான சக்தி வழிபாட்டுத் தலத்தில் ஆடிப்பாடும் பக்தர்களிடமிருந்து வருகிறது. அங்கே ஆடுகிறவர் வயலுக்குப் போக முடியாது. சாப்பாடு தராமல் விட்டால் ஆடி ஆடியே செத்துப்போவார். சாமிக்குப் பலம் வேண்டுமென்றால் முதலில் பக்தருக்குச் சோறு போட வேண்டும்!

'டொமினியன்ஸ்' வரிசை விளையாட்டுகள் நம்பிக்கையை மண்ணோடு கட்டிவிடுகின்றன. எந்த மாகாணத்தில் எவ்வளவு நம்பிக்கை என்பதை மெழுகுவத்திகள் காட்டும். தன்னை நம்பும் மண்ணில் தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி ஏறும், எதிரியின் மண்ணில் இறங்கும். உலகில் எங்குமே அதன்மேல் நம்பிக்கை மிஞ்சவில்லையென்றால், எவ்வளவு படை இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

சரி, உருவத்துக்கு வருவோம். இங்கே எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பது போதாது. எதை நம்புகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். 1999-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'டின் கதாநாயகன் தன் பெயரை மறந்தவன். யாராவது கேட்டால் 'அடான்' என்று புளுகலாம். போதுமான பேரிடம் புளுகிவைத்தால், கடைசியில் மதுக்கடையில் அடான் என்று ஒருவன் நிஜமாகவே வந்து நிற்பான். தெய்வம் இல்லை, சாதாரண ஆள்தான். ஆனாலும் பலர் நம்பியதால் ஒரு உயிர் உண்டாவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய விளையாட்டு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

2016-இல் வந்த 'பெர்சோனா 5'-இல் அப்படி நம்பிக்கையால் உண்டாகும் உயிர் தெய்வமே ஆகிறது. (முடிவைச் சொல்லப்போகிறேன், ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) 'நமக்கு எதற்கு வம்பு, யாராவது முடிவெடுக்கட்டும்' என்ற மக்களின் ஆசையிலிருந்து பிறந்தது அது. ஆகவே அடக்கி ஆள்வதுதான் அதன் குணம். சண்டையில் எவ்வளவு அடித்தாலும் ஜனங்களின் ஆசை ஓடிவந்து காயத்தை ஆற்றிவிடும். அந்த ஆசை வந்து சேரும் வழியை அறுத்தால்தான் அடி பலிக்கும்.

இவை இரண்டும் கதாசிரியர் முன்பே எழுதிவைத்த நிகழ்வுகள். எந்தக் கூட்டம் கூப்பிட்டாலும் அதற்கேற்ற தெய்வம் வர வேண்டுமென்றால் பொதுவிதி வேண்டும். அங்கே முதலில் இடிப்பது சராசரி. கோபத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவோம். பாதிப் பேர் 10 என்று போர்த்தெய்வத்தை நினைக்கிறார்கள், மீதிப் பேர் 0 என்று கருணைத்தெய்வத்தை. சராசரி எடுத்தால் 5. யாருமே கும்பிடாத ஒரு மந்தமான சாமி வந்து நிற்கும்! ஆகவே நிரல், சராசரிக்குப் பதில் கருத்துகள் எங்கெங்கே குவிந்திருக்கின்றன என்று தேட வேண்டும். இரண்டு குவியல் இருந்தால் இரண்டு தெய்வம், ஆளுக்குப் பாதி பலம். மதப்பிளவு என்பதைத் தனியாக எழுதவே தேவையில்லை, கணக்கிலிருந்தே முளைத்துவிடும்.

அடுத்தது வேகம். மக்கள் மனம் மாறிய அதே நொடியில் சாமியும் மாறினால் அதற்கென்று ஒரு குணமே இருக்காது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பழைய குணத்தில் 90 சதவீதத்தை வைத்துக்கொண்டு, புது நம்பிக்கையில் 10 சதவீதத்தை மட்டும் கலக்கலாம். இந்த விதிப்படி, கோபத்தில் 10 வாங்கிய சாமியை ஊரே சாந்தமூர்த்தியாகக் கும்பிடத் தொடங்கி 10 சுற்று ஆன பிறகும், பழைய கோபத்தில் ஏறத்தாழ 35 சதவீதம் மிச்சமிருக்கும். அவசரப்பட்டு இரண்டாவது சுற்றிலேயே கூப்பிட்டால் 81 சதவீதம். விவரமான எதிராளி அந்த நேரம் பார்த்துத்தான் ஊரைத் தாக்குவார், ஜனங்கள் பதறிப்போய்ச் சாமியைக் கூப்பிடட்டும், கோபம் தணியாத சாமியே வந்து நிற்கட்டும் என்று.